வண்டிப் பெயர் சொல்லாமல் சாமான் வாங்குவது

சென்னைப் புதுப்பேட்டையில் எந்தக் கடை வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி “என்ன வண்டி சார்?” என்பதுதான். மாருதி என்றால் கை ஒரு ரேக்குக்குப் போகும், அம்பாசடர் என்றால் இன்னொன்றுக்கு, பொலிரோ என்றால் பையனை மாடிக்கு அனுப்புவார்கள். வீட்டில் நாமே கட்டிய வண்டிக்கு இந்தக் கேள்வியில் பதில் இல்லை. திருநின்றவூரில் என் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குச் சேஸிஸ் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. எஞ்சினும் கியர் பெட்டியும் ஆம்னி. இரண்டையும் சேர்க்கிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் அம்பத்தூரில் வெட்டி ஒட்டியது. ஹெரால்டு என்று சொன்னால் “அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்” என்று திரும்பிக்கொள்வார்கள். ஆம்னி என்றால் ஆம்னி சாமானை எடுத்து நீட்டுவார்கள்; ஒரு முனை சேரும், மறுமுனை சேராது.

ஆகவே பெயரை விட்டுவிடுங்கள். அளவு, நம்பர், பல் எண்ணிக்கை, முடிந்தால் கழற்றிய சாமானே கையில். இவற்றோடு போனால் எஞ்சினிலிருந்து சக்கரம் வரைக்கும் உள்ள எந்தச் சாமானும் இந்தப் பகுதியில் கிடைக்கும், அல்லது செய்துகொள்ள முடியும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் கதையைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. கையில் காசில்லாத மனிதர். மனத்துக்குள்ளேயே கல் தேடி, மரம் தேடி, தச்சரைத் தேடி, நல்ல நாள் பார்த்து அடிக்கல் போட்டு, குடமுழுக்கு வரைக்கும் கோயிலைக் கட்டி முடித்தவர். இருதயாலீஸ்வரர் கோயிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, மனத்தில்தானே கட்டுகிறோம் என்று அவர் எந்த வேலையையும் சுருக்கிக்கொள்ளவில்லை என்பது. வண்டி கட்டுகிறவர்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அப்படி ஒருமுறை முழு டிரைவ்லைனையும் கிளட்ச்சிலிருந்து சக்கர போல்ட் வரைக்கும் மனத்தில் நடந்து பார்க்க வேண்டும். நமக்கு அவருடைய நினைவாற்றல் கிடையாது என்பதால் ஒரு நோட்டு வேண்டும்.

நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாமானுக்கு ஒரு பக்கம். எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அதில் பொறித்திருந்த நம்பர், வெர்னியரில் அளந்த அளவு, போல்ட் அங்குலமா மில்லிமீட்டரா, எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கியது, இவ்வளவும் இருக்கட்டும். பேனாவால் ஒரு படமும் போட்டுவிடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வண்டி கட்டும்போது இது வீண் வேலையாகத் தோன்றும். மூன்று வருஷம் கழித்து ஒரு ஆயில் சீல் ஒழுகும்போது, சீலைக் கழற்றுவதற்கு முன்பே அதன் அளவு உங்கள் கையில் இருக்கும். கடைக்குப் போய் வாங்கி வைத்துவிட்டுப் பிறகு வண்டியைப் பிரிக்கலாம். இதன் அருமை, பிரித்துப் போட்ட வண்டியை ஒரு மாதம் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வேலை நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்திய காலத்தில், ஓடிய வண்டிகளில் பல வீட்டுப் பட்டறையில் கட்டியவை. 1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் வரை இந்தப் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு அந்த வண்டிகளின் ஷாஃப்ட்டும் ஃபிளாஞ்ச்சும் பழகிய வேலை. கோயம்புத்தூரில் கரிவர்தன் 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி கட்டியபோது செய்த ஒரு காரியம் நமக்குப் பாடம்: தெருவில் எங்கும் கிடைத்த மாருதி எஞ்சினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார். வண்டி புதிது, அதன் உயிர்ச்சாமான்கள் ஊரில் எந்த மெக்கானிக்கும் அறிந்தவை.

எந்த வண்டியிலிருந்து எடுப்பது

சாமான் தேடுவதில் பாதிக் கஷ்டம், கட்ட ஆரம்பிக்கிற அன்றே முடிவாகிவிடுகிறது. திருவள்ளூர் பக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கட்டினார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் பிறந்த வண்டி என்று ஆசைப்பட்டு அதன் கியர் பெட்டியை எடுத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். இன்று அதற்கு ஒரு ஆக்ஸில் ஜாயின்ட் தேட மாதக்கணக்கில் அலைகிறார்கள். அந்த ஆலையில் இப்போது சிட்ரோயன் வண்டிகள் வருகின்றன. ஆனால் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்து, 2014இல் நின்றுபோன அம்பாசடருக்கு இன்றும் புதுப்பேட்டையில் கிரௌன் பினியன் கேட்கலாம். காரணம் எளிது: அது பல பத்தாண்டு டாக்ஸியாகவும் அரசு வண்டியாகவும் ஓடியது. வண்டி எங்கே பிறந்தது என்பதைப் பார்க்காதீர்கள், எத்தனை ஓடியது என்பதைப் பாருங்கள்.

எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில் என்று கட்டுகிறவர்களுக்கு இன்று நல்ல தாய்வண்டிகள் ஆம்னியும் ஈகோவும். ஆம்னி 2019இல் நின்றாலும் சாமான் கொட்டிக் கிடக்கிறது. ஈகோ இன்னும் வருகிறது. கனமான வண்டிக்கு பொலிரோ, ஜீப் வகை ஆக்ஸில்கள். சின்ன, கெட்டியான பின் ஆக்ஸில் வேண்டுமென்றால் 2005 முதல் தெருவெல்லாம் ஓடுகிற டாட்டா ஏஸையும் பாருங்கள். எதை எடுத்தாலும் எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். கலப்பதை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப்போல ஹெரால்டில் கை வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் கட்டிய வண்டி அது. தனிச் சேஸிஸ் உள்ளது என்பதால் மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நம் விருப்பப்படி கட்டலாம். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கும். இரண்டு பக்கமும் அரை ஷாஃப்ட்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெசலில் இதை மாற்றி ஒரே தண்டாகப் பின் ஆக்ஸில் வைத்தார்கள். ஆகவே “ஸ்டாண்டர்ட் பின் ஆக்ஸில்” என்று ஒருவர் போனில் சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள், போட்டோ கேளுங்கள். இன்னொன்று: ஹெரால்டின் இங்கிலாந்துச் சகோதரனான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்தது. அங்கே பழைய வண்டிப் பிரியர்கள் அதிகம் என்பதால் அதன் டிரைவ்லைன் சாமான்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இங்கே வழியே இல்லாத ஒன்றிரண்டு சாமானுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் உண்டு. காயலான் கடையில் பிரித்துப்போட்ட வண்டியின் கடைசி ஊர் பெரும்பாலும் அப்படிப்பட்ட உலைதான். உங்களுக்கு வேண்டிய ஆக்ஸில் ஒன்று எடைக்குப் போகிற நிலையில் கண்ணில் பட்டால், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் அன்றே எடுத்துவிடுங்கள்.

கிராஸ்

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள யூ-ஜாயின்ட்டின் நடுச் சிலுவையைத்தான் கடைகளில் ‘கிராஸ்’ என்கிறார்கள். டிரைவ்லைனில் அடிக்கடி மாற்றும் சாமான் இது. வண்டியைக் கிளப்பும்போது ‘டக்’ என்று ஒரு அடி, ரிவர்ஸ் போடும்போது மறுபடி ஒன்று, மெதுவாகப் போகும்போது எலி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். இவை வந்தால் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கப் ஓரத்தில் செம்பழுப்பு மாவு கசிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து பொடியாகிவிட்டது என்று அர்த்தம்.

கிராஸுக்கு இரண்டு அளவு, ஒரு விவரம். கப்பின் வெளிவிட்டம், எதிரெதிர் கப்களின் முனையிலிருந்து முனைக்கு நீளம், சர்க்கிளிப் கப்புக்கு வெளியே யோக்கில் உட்காருகிறதா, உள்பக்கம் கப்பின் காடியில் உட்காருகிறதா என்பது. உள்சர்க்கிளிப் வகைக்கு நீளத்தைக் காடியிலிருந்து காடிக்கு அளக்க வேண்டும். ஜீப் வகையில் உலகெங்கும் பரவிய ஸ்பைசர் 1310 கிராஸை உதாரணமாக எடுத்தால் கப் 26.99 மி.மீ., நீளம் 81.76 மி.மீ. அந்த 26.99 என்பது ஒரு அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும். இந்த அங்குலக் கணக்குத்தான் பலரை அலைய வைக்கிறது.

நண்பர் ஒருவர் வேறு யாரோ பாதி கட்டி விட்ட வண்டியை வாங்கியிருந்தார். ஷாஃப்ட் எந்த வண்டியுடையது என்று யாருக்கும் தெரியாது. பழைய கிராஸோடு யோக்கையும் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனோம். முதல் கடையில் கண்ணளவில் பார்த்து 24 மி.மீ. கப் போட்ட கிராஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். நண்பருக்கு சந்தோஷம், பணத்தை எடுத்துவிட்டார். நான் யோக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், நுழையவில்லை. “ரெண்டு தட்டு தட்டினா போயிடும்” என்றார்கள். வாங்காமல் வெளியே வந்து, நான்கு கடை தள்ளி ஒரு பெரியவரிடம் போனோம்.

அவர் வண்டி என்னவென்று கேட்கவில்லை. யோக்கை வாங்கி மண்ணெண்ணெய் நனைத்த வேஸ்ட் துணியால் துளையைத் துடைத்தார், ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மேஜை டிராயரிலிருந்து வெர்னியரை எடுத்தார்.

“இருபத்திமூணு எட்டு. இது இஞ்ச் சாமான் தம்பி, எம்.எம். சாமான் இதுல ஏறாது.”

“தட்டினா போகும்னு சொன்னாங்களே பாய்?”

“போகும். யோக்கு வாயைப் பிளந்துக்கும். அப்புறம் கிராஸ் இல்ல, ஷாஃப்ட்டே மாத்தணும்.”

பதினாறில் பதினைந்து பங்கு அங்குலம் என்பது 23.81 மி.மீ. அவருக்கு அந்தக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்து, தூசி படிந்த நான்கைந்து பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, கப்பைத் துளையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கால்வாசி போய் நின்றது. “இவ்வளவுதான் கையால போகணும். மிச்சம் வைஸ்ல வச்சு அழுத்துங்க, சுத்தியல் வேணாம்.” மூன்று பெட்டி இருந்தது, மூன்றையும் வாங்கச் சொன்னேன். மறுபடி தேடி வரும்போது கிடைக்கும் என்ற உறுதி அங்குலச் சாமானுக்குக் கிடையாது.

ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் ஒரே கிராஸ் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என் வண்டியில் முன்முனை ஆம்னியின் ஸ்லிப் யோக், ஆகவே அங்கே ஆம்னி கிராஸ். பின்முனையும் இரண்டு அரை ஷாஃப்ட்களும் ஹெரால்டு. மொத்தம் நான்கு கிராஸ், இரண்டு வகை. நோட்டில் எந்த முனைக்கு எது என்று எழுதியிருப்பதால் குழப்பமில்லை.

ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டுவது

நீளம் சரியாக அமைகிற ரெடிமேட் ஷாஃப்ட் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். பெரும்பாலும் கிடைக்காது, வெட்டத்தான் வேண்டியிருக்கும். அப்போது சிலர் கடையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு வந்து நிற்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுவர் கனம் ஒரே மாதிரி இராது, உள்ளே தையல் பிதுங்கி நிற்கும், வேகத்தில் அது உங்கள் காலுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆவடியில் ட்யூப் ப்ராடக்ட்ஸ் ஆலை 1955இல் வந்தது முதல் வண்டிகளுக்கான துல்லிய ட்யூப் நம் பக்கத்திலேயே ஆகிறது. ஆலையில் சில்லறை கிடைக்காது. ட்யூப் வியாபாரிகளிடம் ‘சி.டி.டபிள்யூ. ட்யூப்’ என்று கேட்டால் புரியும். அதைவிட நல்லது, தாய்வண்டியின் நீளமான ஷாஃப்ட்டை எடுத்துக் குறைப்பது. ஒரு முனை கம்பெனி வெல்டாகவே இருக்கும், ஒரு முனையில்தான் கை வைக்கிறோம்.

திருநின்றவூரிலிருந்து புறநகர் ரயிலில் பட்டரவாக்கம் இறங்கினால் 1964 முதல் இருக்கிற அம்பத்தூர் எஸ்டேட். ஷாஃப்ட் வேலை தெரிந்த பட்டறை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே போனதும் டயல் கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல டர்னர் வெல்டை லேத்தில் சீவி எடுத்து, யோக்கை ட்யூபுக்குள் இறுக்கமாக அழுத்தி, நான்கு இடத்தில் மட்டும் புள்ளி வெல்டு வைப்பார். பிறகு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே டயல் முள்ளைப் பார்ப்பார். முள் ஆடுகிற பக்கத்தில் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி சுற்று, மறுபடி தட்டு. நடுவில் கால் மில்லிமீட்டருக்குள் ஆட்டம் வந்த பிறகுதான் முழு வெல்டு. அதுவும் ஒரே சுற்றாக ஓட்டாமல் எதிரெதிர்ப் பக்கமாக விட்டு விட்டு. நான் பார்த்தவர்களில் ஒருவர் அந்த முள்ளுக்காக முக்கால் மணி நேரம் செலவழித்தார், டீ வந்து ஆறியது, தொடவில்லை. அப்படிப்பட்டவரிடம் கூலி பேரம் பேசாதீர்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு கணக்கு அவசியம். எந்த ஷாஃப்ட்டுக்கும் ஒரு வேகம் உண்டு. அதைத் தொட்டால் கயிறு சுற்றுகிற மாதிரி நடுவில் வளைந்து சுழன்று உடையும். எஃகு ட்யூபுக்கு அதைக் கணக்கிட: வெளிவிட்டத்தின் வர்க்கத்தையும் உள்விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், 12.1 கோடியால் பெருக்குங்கள், கிராஸிலிருந்து கிராஸுக்கு உள்ள நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். எல்லாம் மில்லிமீட்டரில். வெளியே 63.5, உள்ளே 60.2 உள்ள ட்யூப் 1,500 மி.மீ. நீளம் என்றால் விடை நிமிஷத்துக்குச் சுமார் 4,700 சுற்று. அதில் எழுபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 3,300. இப்போது சக்கரத்தைப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 1.75 மீட்டர் உருளும் சக்கரம், 4.11 விகித டிஃபரன்ஷியல் என்றால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் சுமார் 3,900 சுற்று சுற்றும். தாங்காது. அதே ட்யூபை 1,200 மி.மீ. ஆக்கினால் எல்லை 7,350க்கு ஏறிவிடும். எழுபது சதவீதம் 5,100க்கு மேல், நிம்மதி. நீளம் குறையாது என்றால் இரண்டு துண்டாக்கி நடுவில் சென்டர் பேரிங் வையுங்கள்.

ஒட்டும்போது இரண்டு முனை யோக்குகளின் காதுகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். வளைந்து சுற்றும் கிராஸ் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பத்து டிகிரி வளைவில் அது ஒன்றரை சதவீதம். முன்கிராஸ் கூட்டுவதைப் பின்கிராஸ் கழித்துவிடும், காதுகள் நேராகவும் இரண்டு பக்கத்துக் கோணமும் சமமாகவும் இருந்தால் மட்டும். கோணம் ஒன்று முதல் மூன்று டிகிரிக்குள் இருப்பது நல்லது. பூஜ்யமும் வேண்டாம், ஊசி பேரிங் கொஞ்சமாவது அசையாவிட்டால் ஒரே இடத்தில் குழி விழும்.

நான் முதலில் கட்டிய வண்டியில் ஜீப் வகை ஷாஃப்ட், நடுவிலேயே நீண்டு சுருங்கும் ஸ்ப்லைன் உள்ளது. கிராஸ் மாற்றிப் பூட்டியபோது ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டேன். நாற்பத்தைந்து கி.மீ. வேகத்தில் தரை முழுக்க அதிர்ந்தது. டிஃபரன்ஷியல் போய்விட்டது என்று நினைத்து அதை முழுக்கப் பிரித்து, ஒன்றுமில்லை என்று கண்டு மறுபடி பூட்டினேன். இரண்டு வாரம் போனது. இப்போது கழற்றுவதற்கு முன் ஸ்ப்லைனின் இரண்டு பக்கத்திலும் வெள்ளைப் பெயின்ட் கோடு ஒன்று இழுக்காமல் ஸ்பேனரை எடுப்பதில்லை. ஆம்னி மாதிரி கியர் பெட்டி வாலிலேயே நுழைகிற ஸ்லிப் யோக் என்றால் இந்தப் பயம் கிடையாது, அங்கே காதுகளின் நேர் வெல்டிலேயே முடிவாகிவிடுகிறது.

வெல்டு முடிந்ததும் பாலன்சிங். கிராஸ், ஸ்லிப் யோக், ஃபிளாஞ்ச் எல்லாம் பூட்டிய நிலையில்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அர்த்தமில்லை. வண்டி ஷாஃப்ட்டுக்கு சாதாரணத் தரம் ஜி 40. கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டுமென்றால் ஜி 16 கேளுங்கள். அந்த எண்ணைச் சொன்னால் புரிந்துகொள்கிற கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.

பேரிங், சீல், கிளட்ச்

பேரிங்கும் ஆயில் சீலும் எளிது. இரண்டும் தங்கள் அளவைத் தாங்களே சொல்லும். 6205 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 25 மி.மீ.; வெளியே 52, கனம் 15. சீலின் முகத்தில் 35, 52, 7 என்று இருந்தால் ஷாஃப்ட், துளை, கனம் என்று வரிசை. பாரிமுனைத் தெருக்களின் பேரிங் கடைகளில் இந்த எண்ணைச் சொன்னாலே போதும், வண்டியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். டேப்பர் பேரிங்கில் எல்.எம். என்று தொடங்கும் நம்பர் பார்த்தால் அது அங்குலச் சாமான். உள்கூம்புக்கு ஒரு நம்பர், வெளிவளையத்துக்கு வேறு நம்பர், எல்.எம். 67048 கூம்பு என்றால் எல்.எம். 67010 வளையம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கம்பெனிப் பெட்டியில் போலிச் சரக்கு வருவது பேரிங்கில்தான் அதிகம். நம்பர் மங்கலாக, சாய்ந்து பொறித்திருந்தால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சீல் மாற்றியும் ஒழுகினால் சீலைத் திட்டாமல் ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பழைய சீல் அங்கே காடி வெட்டியிருக்கிறது. புதுச் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

கிளட்ச்சில் கலப்பு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பிளேட்டின் வெளிவட்டம் எஞ்சினின் ஃபிளைவீலைச் சேர்ந்தது, நடுத் துளையின் பற்கள் கியர் பெட்டியைச் சேர்ந்தவை. இரண்டும் வெவ்வேறு வண்டி என்றால் கடையில் அப்படியொரு பிளேட் கிடைக்காது. கிளட்ச் பிளேட்டுக்கு லைனிங் அடிக்கும் கடைகளில் ஒரு பிளேட்டின் நடுவை எடுத்து இன்னொன்றின் வட்டத்தில் ரிவிட் அடித்துத் தருவார்கள். செய்த பிறகு தட்டையாக இருக்கிறதா என்று கண்ணாடிமேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கிரௌன் பினியன்

டிஃபரன்ஷியலில் விகிதம் தெரியாமல் எதையும் வாங்கக் கூடாது. பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். ஒரு பின்சக்கரம் தரையில் இருக்கட்டும், மறுசக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள், கியரை நியூட்ரலில் விடுங்கள். தூக்கிய சக்கரம் சரியாக இரண்டு சுற்று வரும்வரை அதைத் திருப்பி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். நாலும் கொஞ்சமும் என்றால் 4.11 பக்கம். பிரித்துவிட்டால் பற்களை எண்ணி வகுப்பதுதான்: 37ஐ 9ஆல் வகுத்தால் 4.11, 41ஐ 9ஆல் என்றால் 4.56, 39ஐ 8ஆல் என்றால் 4.875.

கிரௌனும் பினியனும் ஒன்றாக உராய்த்துப் பழக்கிய ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி நம்பர் பொறித்திருப்பார்கள். புதுப்பேட்டையில் கிரௌன் ஒரு கடையிலும் பினியன் ஒரு கடையிலும் கிடைக்கிறது, பல் எண்ணிக்கையும் சரி என்று சேர்க்காதீர்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஊளையிட ஆரம்பித்துவிடும். வாங்கும்போது பற்களை வெயிலில் திருப்பிப் பாருங்கள். ஓட்டத்தில் தேய்ந்த தடம் பல்லின் நடுவில், நீள்வட்டமாக இருந்தால் நல்ல வாழ்க்கை வாழ்ந்த சாமான். தடம் ஓரத்தில் ஒதுங்கியிருந்தாலோ பல் நீலம் பாய்ந்திருந்தாலோ வேண்டாம். முடிந்தவரை ஹவுசிங்கோடு முழுசாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் ஷிம்கள் அந்த ஜோடிக்காகவே கம்பெனியில் வைத்தவை, அவற்றின் அருமை பிரித்த பிறகுதான் தெரியும்.

எண்ணெயில் கவனம். ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 தர 90 ஆயில் வேண்டும். அதே எண்ணெயைப் பித்தளைச் சிங்க்ரோ ரிங் உள்ள பழைய கியர் பெட்டியில் ஊற்றாதீர்கள், ரிங்கை அரிக்கும், அதற்கு ஜி.எல்.-4.

ஆக்ஸில் ஷாஃப்ட் நீளம் சேரவில்லை என்றால் வெட்டி வெல்டு வைக்கும் யோசனை யாராவது சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். அது வண்டியின் எடையையும் முறுக்கையும் சேர்த்துத் தாங்குகிற தண்டு. ஈ.என். 24 கம்பியில் புதிதாகக் கடைந்து, ஸ்ப்லைன் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்துகொடுக்கும் ஆட்கள் அம்பத்தூரில் இருக்கிறார்கள். பழையதைக் கையில் கொடுத்து, அதன் பல்லுக்கு ஜோடியான சைடு கியரையும் கொடுங்கள். பல் எண்ணிக்கையும் விட்டமும் ஒன்றாக இருந்தும் பல்லின் சாய்வு மாறினால் சேராது; ஜோடிச் சாமானில் நுழைத்துப் பார்ப்பது ஒன்றே சோதனை.

ரசீது

நம்பர் பொறித்த சாமான் எதையும் ரசீதில்லாமல் வாங்காதீர்கள். எஞ்சின், சேஸிஸ் இரண்டுக்கும் ஆர்.சி. நகலும் விற்றவரின் கையெழுத்தும் இருக்கட்டும். திருட்டு வண்டியின் சாமான் உங்கள் கொட்டகையில் இருந்தால் நோட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் உதவாது. சாலையில் ஓட்டுவது பற்றியும் தெளிவாக இருங்கள்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் கம்பெனி வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றன. இந்த நூலில் சொல்லும் வண்டிகள் பந்தயத் தடத்துக்கும் சொந்த நிலத்துக்கும் உரியவை.

எல்லாம் பூட்டிய பிறகு முதல் ஐம்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தி, ஹவுசிங் மூக்கில் கையை வையுங்கள். சூடு தாங்கும்படி இருக்க வேண்டும். கையை உடனே எடுக்க வைத்தால் பினியன் பேரிங் இறுக்கம் அதிகம். ஃபிளாஞ்ச்சின் நான்கு போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். எதுவாவது அரைச் சுற்று ஏறினால் நோட்டில் எழுதுங்கள். லேசான அதிர்வு மிச்சமிருந்தால் ஷாஃப்ட்டின் பின்முனையில் இரண்டு ஹோஸ் கிளிப்பை மாட்டி, திருகுத் தலைகளை மெல்ல மெல்ல இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். அதிர்வு அடங்குகிற இடம் கிடைத்ததும் பெயின்ட்டால் குறியிட்டு, ஷாஃப்ட்டைக் கழற்றிப் பாலன்சிங் கடைக்குக் கொண்டு போனால், எடை எங்கே வேண்டும் என்று கடைக்காரருக்கு நீங்களே காட்டலாம். கழற்றிய பழைய கிராஸைத் தூக்கிப் போடாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி, அளவெழுதிய சீட்டோடு நோட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.